கம்யூனிட்டி காலேஜில் ப்ரீமெட் பாடங்கள்: எதை எடுக்கலாம், எந்த வரிசையில், எங்கே மாட்டிக்கொள்வோம்

கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி சேர்ந்துவிட்டேன் என்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “அது நம்மூர் பாலிடெக்னிக் மாதிரியாம்மா?” என்பதுதான். இங்கே கலிஃபோர்னியாவில் இருக்கிற நம்மவர்கள் அவ்வளவு நேராகக் கேட்பதில்லை, “ஓ, சும்மா டைம்பாஸுக்கா?” என்பார்கள். இரண்டும் இல்லை, பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களைக் குறைந்த செலவில் நடத்தும் அரசுக் கல்லூரி அது. அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க, பொதுவாக முதலில் ஒரு நான்கு வருடப் பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்துக்குள்ளேயோ அதை முடித்த பிறகோ ப்ரீமெட் பாடங்கள் என்று சொல்லும் குறிப்பிட்ட சில அறிவியல் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பாடங்களில் பெரும்பகுதி கம்யூனிட்டி காலேஜிலேயே கிடைக்கிறது, அதுவும் பல்கலைக்கழகத்தில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குக்கு.

நான் சென்னையில் பி.டெக் முடித்து, எச்-4இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) வந்து, கிரீன் கார்டு வந்த பிறகு முப்பது வயதைத் தாண்டித்தான் இந்த வழியில் இறங்கினேன். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு வருடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது பெரும்பாலும் கலிஃபோர்னியா நிலவரம், டெக்சாஸ் பற்றியும் கொஞ்சம் உண்டு.

இறங்குவதற்கு முன்

நீங்கள் ஏற்கெனவே இந்தியாவிலோ இலங்கையிலோ எம்.பி.பி.எஸ். முடித்தவர் என்றால் இது உங்களுக்கான பாதையே இல்லை. உங்களுடையது டாக்டர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வு, அப்புறம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. இதை இங்கேயே மூடிவிடலாம்.

மற்றவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள். எச்-4இல் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம், வேலை அனுமதி அட்டை தேவையில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்ததைக் காட்டினால் உள்மாநிலக் கட்டணமே கிடைக்கும். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் சேர்த்துக்கொள்கிறது என்பதால் மெடிக்கல் ஸ்கூலும் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.டி. (நம்மூர்போல் மேற்படிப்பு இல்லை, இங்கே டாக்டருக்கான முதல் பட்டமே அதுதான்) பள்ளிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவிலோ எச்-4இலோ இருப்பவரை எடுக்கும் பள்ளிகள் குறைவு. எடுத்தாலும் அரசுக் கடன் கிடைக்காது. கிரீன் கார்டு வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. எம்.டி. விண்ணப்பம் போகும் ஆம்காஸ் அமைப்பு வெளிநாட்டு மதிப்பெண்களைச் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கில் சேர்ப்பதும் இல்லை. என் பி.டெக்கின் நான்கு வருடமும் ஆம்காஸின் ஜிபிஏவில் பூஜ்யம். சில பள்ளிகள் அமெரிக்காவிலேயே 90 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்) கேட்கும், சில அமெரிக்கப் பட்டமே கேட்கும். ஆகவே “ப்ரீமெட் பாடம் மட்டும் முடித்தால் போதும்” என்பது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கும் பொருந்தவில்லை, கூடுதலாக நிறைய யூனிட் சேர்க்கவேண்டி வந்தது.

என்னென்ன பாடங்கள்

ஒவ்வொரு பள்ளியும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது என்றாலும் அடித்தளம் ஒன்றுதான். லேபோடு ஒரு வருடம் பயாலஜி, ஒரு வருடம் ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒரு வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு வருடம் ஃபிசிக்ஸ். இவற்றோடு ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம், புள்ளியியல் அல்லது கால்குலஸ். சைக்காலஜியும் சோசியாலஜியும் எல்லாப் பள்ளிகளும் கேட்பதில்லை. ஆனால் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத்தேர்வான எம்கேட்டில் 2015இலிருந்து அவற்றுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் தலா ஒரு அறிமுகப் பாடம் எடுத்தால் அந்தப் பகுதிக்குப் பாதி வேலை முடிந்தது.

இதில் பயோகெமிஸ்ட்ரி மட்டும் பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் கிடைக்காது, அது பட்டப்படிப்பின் பிற்பாதியில் வரும் மேல்நிலைப் பாடம். அதற்கு நான்கு வருடப் பல்கலைக்கழகமோ வெளியாட்களுக்கும் பாடம் நடத்தும் அதன் எக்ஸ்டென்ஷன் பிரிவோதான். பெர்க்லியின் எக்ஸ்டென்ஷன் பக்கம் போனால் நம்மைப்போல் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம்.

பெயர் ஒன்றுபோல இருக்கும், பாடம் வேறு

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்குக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு கெமிஸ்ட்ரி, அறிவியல் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கென்று இன்னொரு கெமிஸ்ட்ரி என்று இரண்டு வரிசை ஓடும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அனாட்டமி, ஃபிசியாலஜி என்று பெயரைப் பார்த்ததும் இதுதானே டாக்டருக்கு வேண்டும் என்று பாய்ந்து சேர்ந்துவிடுவார்கள். நல்ல பாடங்கள்தான், ஆனால் ஜெனரல் பயாலஜிக்கு ஈடாக அவற்றைப் பெரும்பாலான பள்ளிகள் எடுத்துக்கொள்வதில்லை.

டெக்சாஸில் மாநிலம் முழுக்க ஒரே எண் முறை இருப்பதால் பிழைத்தீர்கள். பயாலஜி 1406, 1407, கெமிஸ்ட்ரி 1411, 1412, ஆர்கானிக் 2423, 2425, ஃபிசிக்ஸ் 1401, 1402 என்று எந்தக் காலேஜில் எடுத்தாலும் அதே பாடம்தான். கெமிஸ்ட்ரி 1405 என்று ஒன்று கண்ணில் படும், அது அறிமுகப் பாடம், நமக்கு உதவாது. பயாலஜி 2401, 2402 என்பது அனாட்டமி-ஃபிசியாலஜி.

கலிஃபோர்னியாவில் எண்கள் காலேஜுக்குக் காலேஜ் மாறும். அசிஸ்ட் என்ற இணையதளத்தில் உங்கள் காலேஜைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலிருக்கும் யு.சி. (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே பயாலஜி மேஜர் மாணவன் எடுக்கும் கெமிஸ்ட்ரிக்கு இங்கே எது ஈடு என்று பாருங்கள். யு.சி.க்கு மாறிப் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் சரியான வரிசையில்தான் நிற்கிறீர்களா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஃபிசிக்ஸில் கால்குலஸ் வழிப் பாடம் எடுத்தே ஆகவேண்டும் என்று நம் ஐ.டி. நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு எல்லாமே ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுதான். அல்ஜீப்ரா வழி ஃபிசிக்ஸே பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் போதும். சமன்பாடே இல்லாத ‘கான்செப்சுவல் ஃபிசிக்ஸ்’ மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, செமஸ்டரா குவார்ட்டரா என்று பார்க்கவேண்டும். கலிஃபோர்னியாவின் டி ஆன்சா, ஃபுட்ஹில் காலேஜ்கள் இரண்டும் குவார்ட்டர் முறை. அங்கே ஒரு வருடக் கெமிஸ்ட்ரி என்பது 1ஏ, 1பி, 1சி என்று மூன்று துண்டு. இரண்டை முடித்துவிட்டு வீடு மாறினோம் என்று செமஸ்டர் காலேஜுக்குப் போனால், இங்கே பாதி அங்கே பாதி என்று எதிலும் ஒட்டாமல் நிற்பீர்கள். ஒரு தொடரை ஆரம்பித்த காலேஜிலேயே முடித்துவிடுங்கள். குவார்ட்டர் யூனிட் ஒன்று செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும், 5 யூனிட் பாடம் விண்ணப்பத்தில் 3.3 என்று சுருங்கிவிடும்.

மெடிக்கல் ஸ்கூல்கள் ஏற்குமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் பள்ளிகள் நிறைய, “ஏற்போம், ஆனால் நான்கு வருடக் கல்லூரியில் எடுத்ததையே விரும்புகிறோம்” என்று எழுதி வைத்திருக்கும் பள்ளிகள் சில, ஒன்றிரண்டு பாடத்துக்கு மட்டும் வேண்டாம் என்பவை சில. மெடிக்கல் ஸ்கூல்களின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு எம்.டி. பள்ளிக்கும் இந்த விவரம் இருக்கிறது, ஆன்லைன் லேபை ஏற்கிறார்களா என்பதும் இருக்கிறது. முழுதாகப் பார்க்கக் கட்டணம் உண்டு, கொடுத்துவிடுங்கள், பிற்பாடு நட்டப்படப் போவதைவிடக் குறைவுதான். டி.ஓ. (டாக்டராவதற்கான இன்னொரு பட்டம், ஆஸ்டியோபதி வழி) பள்ளிகளுக்கு இதேபோல் ஒரு தேடல் தளம் இலவசமாகவே இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை ஒரு எக்செல் தாளில் போட்டு, கம்யூனிட்டி காலேஜ், ஆன்லைன், பாடங்களுக்குக் காலாவதி உண்டா, விசா என்று நான்கு கட்டம் வரையுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தப் பள்ளிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மாநிலப் பள்ளிகளை மேலே வையுங்கள். டெக்சாஸில் அரசு மெடிக்கல் ஸ்கூல் இடங்களில் 90 சதவீதம் மாநிலத்தவருக்கு என்று சட்டமே இருக்கிறது, அங்கே பிளேனோவில் உட்கார்ந்துகொண்டு பாஸ்டனைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை மெடிக்கல் ஸ்கூல் வரை கைபிடித்துக் கூட்டிப்போக ‘கலிஃபோர்னியா மெடிசின் ஸ்காலர்ஸ் ப்ரோக்ராம்’ என்று ஒன்று நடக்கிறது. முதல் பட்டத்துக்குப் படிப்பவர்கள் அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

வரிசை: கெமிஸ்ட்ரிதான் முதுகெலும்பு

ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிக்காமல் ஆர்கானிக் எடுக்க முடியாது, ஆர்கானிக் இல்லாமல் பயோகெமிஸ்ட்ரி கொடுப்பது அரிது. ஆக இரண்டு செமஸ்டர், இன்னும் இரண்டு, அப்புறம் ஒன்று. என்ன அவசரப்பட்டாலும் ஐந்து செமஸ்டர் தொடர். மற்ற எல்லாவற்றையும் இந்தக் கம்பியில்தான் தொங்கவிட வேண்டும். நான் செய்த தப்பு, தைரியம் வரட்டும் என்று முதல் வருடம் பயாலஜியும் சைக்காலஜியும் மட்டும் எடுத்தது. தைரியம் வந்தது, ஒரு வருடம் போனது.

2026 இலையுதிர் காலத்தில் ஆரம்பிப்பவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் வருடம் ஜெனரல் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும். இரண்டாம் வருடம் ஆர்கானிக்கும் ஃபிசிக்ஸும். கோடையில் புள்ளியியல், சைக்காலஜி, சோசியாலஜி. 2028 இலையுதிர் காலத்தில் பயோகெமிஸ்ட்ரி. 2029 மார்ச் அல்லது ஏப்ரலில் எம்கேட். அந்த வருடம் மே கடைசி அல்லது ஜூன் ஆரம்பத்தில் விண்ணப்பம், இன்டர்வியூ எல்லாம் நடந்து வகுப்பில் போய் உட்காருவது 2030 ஜூலை, ஆகஸ்டில். விண்ணப்பித்த பிறகு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பு என்பதை வீட்டில் யாருமே எதிர்பார்ப்பதில்லை, முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். எம்கேட் மதிப்பெண் இரண்டு மூன்று வருடம்தான் செல்லும் என்பதால் அதைச் சீக்கிரமே எழுதி வைப்பதிலும் பிரயோஜனமில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர் ஒரு செமஸ்டரில் லேப் உள்ள பாடம் இரண்டுக்கு மேல் எடுக்கவேண்டாம். ஆர்கானிக் எடுக்கும் செமஸ்டரில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போவது என்பது எழுதப்படாத விதி.

சீட் பிடிப்பது

கலிஃபோர்னியாவில் உள்மாநிலத்தவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 5 யூனிட் கெமிஸ்ட்ரி 230 டாலர், மேலே சில்லறைக் கட்டணங்கள். இந்த விலைக்குக் கூட்டம் வராமல் இருக்குமா? லேப் பெஞ்சுகளுக்குத் தக்கபடிதான் ஆள் எடுப்பார்கள், பட்டம் பெற்றவர்களுக்குப் பதிவு நாளும் கடைசிப் பக்கம்தான் வரும். நான் போர்டலைத் திறந்தபோது மாலை வகுப்புகள் எல்லாம் நிரம்பி வெயிட்லிஸ்டில் எனக்கு 7ஆம் இடம்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். நான் ஆறு மணி வகுப்புக்கு ஐந்தரைக்கே போய்க் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன், என்னோடு இன்னும் பத்துப் பேர். ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்து, வராதவர்கள் பெயரை அங்கேயே அடித்துவிட்டு, வெயிட்லிஸ்டை மேலிருந்து வாசித்து, கையில் இருந்த சீட்டிலிருந்து வகுப்பில் சேர்வதற்கான ‘ஆட் கோட்’ ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஐந்தாம் ஆளும் ஆறாம் ஆளும் வரவில்லை. எனக்குக் கிடைத்தது.

நிதியுதவி பற்றி ஒரு வரி: ஏற்கெனவே பட்டம் இருந்தால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது. மெடிக்கல் ஸ்கூலுக்கான அரசுக் கடனும் 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று நின்றுவிடுகிறது. இப்போது மிச்சப்படுத்துவது பின்னால் உதவும்.

வகுப்புக்குள்ளே

எளிது என்று நினைத்துப் போகாதீர்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எங்கே நடந்தாலும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிதான். வித்தியாசம், இங்கே முப்பது பேருக்கு ஒரு ஆசிரியர், லேபிலும் அவரேதான், உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். நான் ப்ளஸ் டூவில் பர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு வாயால் உறிஞ்சிப் பிப்பெட் பிடித்துப் பழகியவள். பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் கை தானாக வாய்ப்பக்கம் போனது. ஆசிரியர் லேபின் அந்த முனையிலிருந்து போட்ட சத்தத்தில் பக்கத்து பெஞ்ச் பெண் பியூரெட்டை மூடமறந்து, அவள் ஃபிளாஸ்க் லேசான ரோஜா நிறத்தைத் தாண்டிப் பஞ்சுமிட்டாய் நிறத்துக்குப் போய்விட்டது. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை முடித்துச் சீருடையோடு நேராக வருபவள். பின்னாளில் எனக்கு கிளினிக்கில் தன்னார்வ வேலை எங்கே கிடைக்கும் என்று சொன்னதும் அவள்தான். கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் பாதிப்பேர் இப்படி ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கால் வைத்தவர்கள், பேச்சுக் கொடுங்கள்.

ஆசிரியர் மாணவர்களைப் பார்க்க ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவருக்குப் போங்கள். சந்தேகம் கேட்கப் போனால் நம்மை மக்கு என்று நினைப்பார்கள் என்ற நம்மூர்ப் பழக்கம் எனக்கு முதல் செமஸ்டர் முழுக்க விடவில்லை. பல மெடிக்கல் ஸ்கூல்கள் அறிவியல் ஆசிரியர் இரண்டு பேரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கின்றன. முகம் தெரியாதவரைப் பற்றி யாரும் இரண்டு பத்திக்கு மேல் எழுத முடியாது. செமஸ்டர் முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள், பகுதிநேர ஆசிரியர்கள் அடுத்த வருடம் அதே காலேஜில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சி கிரேடும் டபிள்யூவும்

முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் விலகினால் ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், தடமே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் விலகியதைக் காட்டும் ‘டபிள்யூ’ விழும். ஒன்று இருந்தால் உலகம் முடிந்துவிடாது, நான்கு இருந்தால் கேட்பார்கள். சரியான கடைசித் தேதியைச் சேர்ந்த அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சி வாங்கிவிட்டு மறுபடி எடுத்தால் காலேஜ் பழையதை அழித்துப் புதியதைக் காட்டலாம், ஆனால் ஆம்காஸ் இரண்டையும் சேர்த்துத்தான் ஜிபிஏ போடும். டி.ஓ. பக்கம் பழைய கிரேடை மாற்றிக்கொள்ளும் சலுகை முன்பு இருந்தது, 2017இல் அதுவும் போய்விட்டது.

இதைப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். பத்தாவது, பதினோராவது படிக்கும் பையனை “காலேஜ் கிரெடிட் இப்போதே கிடைக்குமாம்” என்று கம்யூனிட்டி காலேஜ் பயாலஜியில் சேர்த்துவிடுகிறோம். அந்தக் கிரேடும் ஆம்காஸ் கணக்கில் வரும். பதினாறு வயதில் வாங்கிய சி இருபத்திரண்டு வயதில் வந்து நிற்கும்.

மேலே ஒரு மாடி கட்டுங்கள்

எல்லாவற்றையும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்து, அதோடு நிறுத்திக்கொண்டால், பல்கலைக்கழகப் பாடத்தைத் தாங்குவாரா என்ற சந்தேகம் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு வரும். நியாயமோ இல்லையோ, வரும். ஆகவே அடித்தளத்தை இங்கே போட்டுவிட்டு, பயோகெமிஸ்ட்ரி, செல் பயாலஜி, ஜெனெடிக்ஸ் என்று இரண்டு மூன்று மேல்நிலைப் பாடங்களை நான்கு வருடக் கல்லூரியில் எடுத்து ஏ வாங்குங்கள். செலவு அதிகம்தான், ஆனால் இரண்டு மூன்று பாடத்துக்குத்தானே.

ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர், அங்கே ஆர்கானிக் கஷ்டம் என்று கோடையில் மட்டும் கம்யூனிட்டி காலேஜுக்கு ஓடி வருவது வேறு கதை. அது தப்பித்து ஓடியதாகத்தான் தெரியும். ஆங்கிலம், சைக்காலஜி என்று எடுத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

விண்ணப்பம்

மே மாத ஆரம்பத்தில் ஆம்காஸ் திறக்கும். படித்த ஒவ்வொரு காலேஜின் ஒவ்வொரு பாடத்தையும் ட்ரான்ஸ்கிரிப்டில் இருக்கிறபடியே நீங்களே தட்டச்ச வேண்டும், ஒரே ஒரு கோடைப் பாடம் எடுத்த காலேஜாக இருந்தாலும் சரி. நான் மொத்தம் மூன்று காலேஜ், இரண்டு சனிக்கிழமை ஆனது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணிதம் நான்கையும் தனியாகப் பிரித்து ஒரு அறிவியல் ஜிபிஏ போடுவார்கள், மெடிக்கல் ஸ்கூலில் அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள். சிலபஸ் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆகச் சேர்த்து வையுங்கள், பாடத்தின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால் கைவசம் இருக்கவேண்டும்.

ஏன் கம்யூனிட்டி காலேஜ் என்று இன்டர்வியூவில் கேட்டால், வேலை, குழந்தை, பணம், எது உண்மையோ அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம்.

கடைசியாக நம் பெயர். எல்லா ட்ரான்ஸ்கிரிப்டும் வந்து சேர்ந்தால்தான் ஆம்காஸில் சரிபார்ப்பே ஆரம்பிக்கும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். எனக்கு ஒரு காலேஜில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் கணவர் பெயர் குடும்பப் பெயராகவும், மூன்றாவதில் இனிஷியல் விரிந்து நடுப்பெயராகவும் இருந்தது. இரண்டு ட்ரான்ஸ்கிரிப்ட் ஒட்டிக்கொண்டன, மூன்றாவது எங்கோ அந்தரத்தில் பதினெட்டு நாள் நின்றது. காலேஜ் அனுப்பிவிட்டோம் என்கிறது, ஆம்காஸ் வரவில்லை என்கிறது. ஆம்காஸ் விண்ணப்பத்தில் வேறு பெயர்களைக் குறிப்பிட ஒரு கட்டம் இருக்கிறது, உங்கள் பெயர் இந்த நாட்டில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் முதல் நாளே அதில் போட்டுவிடுங்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் கோரிக்கையோடு ஆம்காஸ் தரும் அடையாள எண்ணையும் இணைத்து அனுப்புங்கள். நான் இரண்டையும் ஒரு திங்கட்கிழமை செய்தேன், வியாழக்கிழமை காலை ‘பெறப்பட்டது’ என்று வந்துவிட்டது.